ஒரு ரூபா ரெசிஸ்டரும் ஆச்சியின் கொட்டாங்குச்சி விளக்கும்

போன வாரம் நண்பன் ஒருத்தன் பொங்கிட்டான். வீட்டுல பேப்பர் ஸ்டார் செஞ்சு உள்ள எல்ஈடி வெச்சானாம், மூணே மாசத்துல பாதி புட்டுக்கிச்சாம். "எல்லாம் சைனா மால் மச்சி, அப்படித்தான் இருக்கும்"னு தீர்ப்பும் எழுதிட்டான். இந்த டயலாக்கை இன்னொரு தடவை யாராவது என்கிட்ட சொன்னா கடிச்சு வெச்சிருவேன். ஏன்னா கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் நானே இதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஊர்ல, திருநெல்வேலிப் பக்கம், ஆச்சி தனியாத்தான் இருக்காங்க. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. ராத்திரி பின்கட்டுக்குப் போற வழியில ஒரு நடை, அதுல ஒரு படி. ட்யூப்லைட்டைப் போட்டா தூக்கம் கலைஞ்சிருதுன்னு இருட்டுலயே போவாங்க. சரி, பேரன் இன்ஜினியரா இருந்து என்ன பிரயோஜனம்னு ரெண்டு கொட்டாங்குச்சியை உப்புத்தாளால தேய்ச்சு, ட்ரில்லிங் மெஷின்ல ஓட்டை போட்டு, வார்னிஷ் அடிச்சு ஒரு விளக்கு செஞ்சேன். சுவத்துல புள்ளி புள்ளியா வெளிச்சம் விழும். சும்மா சொல்லக்கூடாது, ஜோராத்தான் இருந்தது.

உள்ள வெச்சது ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்ஈடி. நூறு இருக்கிற பாக்கெட் 130 ரூபா. எட்டு எல்ஈடியை பேரலலா கட்டி, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 15 ஓம் ரெசிஸ்டர், ஒரு 5 வோல்ட் மொபைல் சார்ஜர். முடிஞ்சது ஜோலி. நாலாவது மாசம் ஒண்ணு போச்சு. அடுத்த ரெண்டு வாரத்துல நாலு. அப்புறம் ஒரு ராத்திரி மொத்தமா அணைஞ்சு, விளக்கை நம்பி எழுந்து வந்த ஆச்சி அந்தப் படியில தடுமாறிட்டாங்க. மணிக்கட்டு வீங்கினதோட போச்சு, எலும்பு முறியலை.

நானும் அன்னைக்கு சைனாவைத்தான் திட்டினேன். அப்புறம் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டப்பதான் ஆள் யாருன்னு தெரிஞ்சது. வெள்ளை எல்ஈடி எரிய சுமார் 3.2 வோல்ட் வேணும். 5 வோல்ட்ல மிச்சம் 1.8. அதை 15 ஓம்ல வகுத்தா 120 மில்லி ஆம்ப், எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 15. பாக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எட்டும் ஒரே அச்சுல வார்த்ததா என்ன? ஒண்ணு 3.0 வோல்ட்லயே இழுக்க ஆரம்பிக்கும், இன்னொண்ணு 3.3 வரைக்கும் சும்மா இருக்கும். அதிகமா இழுக்கிறது அதிகமா சூடாகும். சூடானா அதுக்குத் தேவைப்படற வோல்டேஜ் இன்னும் குறையும், அதனால இன்னும் அதிகமா இழுக்கும். கடைசில அது செத்ததும் அதோட பங்கு மத்த ஏழு பேர் தலையில விழும். நாலு பேர் மிஞ்சற நேரத்துல ஆளுக்கு 25 மில்லி ஆம்புக்கு மேல போயிரும். இந்த மாதிரி எல்ஈடிக்கெல்லாம் பொதுவா 20 தான் கணக்கு. ஒண்ணு போனதும் மத்ததெல்லாம் ஏன் கொத்தா போச்சுன்னு இப்பப் புரியுதா?

நாலு வருஷம் ஈசிஈ படிச்சவன் நான். கிர்ச்சாஃப் விதியை எழுதிக் காட்டி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் வெச்சிருந்தா விஷயம் முடிஞ்சது. ஒண்ணு ஒரு ரூபா கூட இல்லை. மிச்சம் பிடிச்சது ஏழு ரூபா!

சிவப்பு எல்ஈடி 1962லயே வந்தாச்சு. பளிச்னு எரியற நீல எல்ஈடி வர 1993 ஆச்சு. அந்த நீலத்து மேல மஞ்சள் பாஸ்பர் பூசினாத்தான் நம்ம வெள்ளை எல்ஈடி. அகாசாகி, அமானோ, நகமுரான்னு மூணு பேருக்கு 2014ல நோபல் பரிசே குடுத்தாங்க. அவ்வளவு பேர் மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சதை நாம ஏழு ரூபாய்க்காக வறுத்துட்டு, மால் சரியில்லைன்னு பேசறோம்.

ரெண்டாவது கூத்து இதைவிட மோசம். கடைக்காரர், "எதுக்கு தம்பி இந்தக் கணக்கெல்லாம், சீரியல் செட் ஒண்ணு வாங்கி உள்ள சுருட்டி வைங்க"ன்னார். 90 ரூபா. நானும் வாங்கினேன். வெளிச்சம் தூக்கலா இருக்கட்டும்னு கொட்டாங்குச்சிக்குள்ள அலுமினிய ஃபாயில் வேற ஒட்டினேன். ஊருக்குப் போய் மாட்டி, ஏதோ ஒரு சந்தேகத்துல ஃபாயில்ல டெஸ்டரை வெச்சேன். டெஸ்டர் எரிஞ்சது.

அந்த செட்ல ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. நாலு டயோடு, ஒரு ரெசிஸ்டர், அப்புறம் வரிசையா எல்ஈடி. அதாவது 230 வோல்ட் நேரா வயருக்குள்ள ஓடுது. ட்ரில் பண்ண ஓட்டையோட கூர் விளிம்புல உரசி வயர் தோல் லேசா கிழிஞ்சிருந்தது, அவ்வளவுதான். ஆச்சி வீட்டுல ஆர்சிசிபியும் இல்லை. ராத்திரி ஈரக் கையோட அந்த விளக்கைத்தான் அவங்க நகத்தி வைப்பாங்க. இதை டைப் பண்ணும்போதும் எனக்கு வயித்தைக் கலக்குது.

"எங்க வீட்டுல பத்து வருஷமா சீரியல் செட் எரியுது, ஒண்ணும் ஆகலை"ன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு வரப்போறவங்களுக்கு: ஜன்னல்ல தொங்கறது வேற, கையில தூக்கற பொருளுக்குள்ள சுருட்டி அடைக்கறது வேற. கையால செய்யற விளக்குக்குள்ள 230 வோல்ட்டைக் கொண்டு வராதீங்க. இதுல மாற்றுக் கருத்துக்கு நான் இடம் குடுக்கறதா இல்லை.

அடுத்து அந்த 50,000 மணி நேரம். அட்டைப்பெட்டி மேல போட்டிருப்பாங்களே, அதேதான். 50,000 மணி நேரம்னா இடைவிடாம அஞ்சரை வருஷத்துக்கு மேல. யாரும் அத்தனை வருஷம் எரிய விட்டுப் பார்த்துட்டு அச்சடிக்கலை. நல்ல கம்பெனிக்காரங்க குறைஞ்சது 6,000 மணி நேரம் எரிய விட்டு, வெளிச்சம் எவ்வளவு குறையுதுன்னு அளந்து, மீதியைக் கணக்குல நீட்டுவாங்க. அதுலயும் சோதிச்ச நேரத்தைப் போல ஆறு மடங்கு வரைக்கும்தான் நீட்டலாம்னு விதி இருக்கு. அப்படி வர்ற நம்பரும் பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கற நேரம்தான். அதுவும் குறிப்பிட்ட கரண்ட்ல, குறிப்பிட்ட சூட்டுல. பேரில்லாத பாக்கெட்ல அந்த நம்பரைப் பார்த்தா, 'ஸ்பெஷல் சாதா'ன்னு ஓட்டல் போர்டுல எழுதற மாதிரி எடுத்துக்கோங்க :-)

அப்ப என்னதான் வாங்கறது? நிச்சியா, எவர்லைட், கிங்பிரைட் மாதிரி டேட்டாஷீட் போடற கம்பெனி மால் கிடைச்சா அதுல ஆறு வாங்குங்க. நூறு எல்லாம் வேண்டாம், அலங்கார விளக்குக்கு என்னத்துக்கு நூறு? பேரில்லாததுதான் கிடைக்குதுன்னாலும் பரவாயில்லை, பாதி கரண்ட்ல ஓட்டினா அதுவும் மரியாதையா உழைக்கும். கடைக்குப் போகும்போது பையில ஒரு சிஆர் 2032 காயின் செல் வெச்சுக்கோங்க. எல்ஈடி காலுக்கு நடுவுல செருகினா மங்கலா எரியும். அஞ்சாறு எரிய விட்டுப் பாருங்க. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம்னு சாயல் அடிச்சா, கம்பெனிக்காரன் தரம் பிரிச்சப்ப கழிச்சுக் கட்டினதை அள்ளி அடைச்ச பாக்கெட். கீழ வெச்சுட்டு வந்துருங்க. ராத்திரி விளக்குக்கு வார்ம் வைட் வாங்குங்க, கண்ணைக் குத்தாது.

சால்டரிங் வராதுன்னா 12 வோல்ட் ஸ்ட்ரிப் தேவலை. மூணு எல்ஈடிக்கு ஒரு ரெசிஸ்டர் அதுலயே இருக்கும், கோடு போட்ட இடத்துல வெட்டிக்கலாம். ஆனா அடாப்டர்ல மிச்சம் பிடிக்காதீங்க, பிஐஎஸ் முத்திரை பார்த்து வாங்குங்க. காசை எல்ஈடி எண்ணிக்கையில கொட்டாம அடாப்டர்ல போடுங்கன்னுதான் நான் கத்திக்கிட்டே இருக்கேன்.

இப்ப ஆச்சி வீட்டுல இருக்கிறது மூணாவது விளக்கு. அதே கொட்டாங்குச்சி, ஃபாயில் கிடையாது. ஆறு வார்ம் வைட், ஒண்ணு 12 ரூபா. ஆளுக்கு ஒரு 220 ஓம். எல்ஈடிக்கு 9 மில்லி ஆம்ப் கூட வராது, மொத்தம் கால் வாட் சொச்சம். ராத்திரிக்குப் பத்து மணி நேரம் எரிஞ்சாலும் எல்ஈடி தின்கிற கரண்ட் வருஷத்துக்கு ஒரு யூனிட்டுக்குள்ள. பழைய சார்ஜரைத் தூக்கிப் போட்டுட்டு முத்திரை போட்ட புது சார்ஜர். வயர் நுழையற ஓட்டையில ரப்பர் வளையம். (பவர் பேங்க்ல மாட்டிப் பார்த்தேன். இவ்வளவு கம்மியா இழுத்தா அது தானா அணைஞ்சிருது, அதனால வேலைக்கு ஆகாது.) மாட்டி ஒன்றரை வருஷம் ஆச்சு, ஆறும் எரியுது.

ஆச்சிக்கு மட்டும் திருப்தி இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் "ஏல, மொத தடவ செஞ்சது இதவிட வெளிச்சமால்லா இருந்துச்சு, அதுமாரி வச்சா என்னலே?"ங்கறாங்க. 220ஐக் கழட்டிட்டு 150 போட்டா வெளிச்சம் கொஞ்சம் கூடும், கரண்டும் 13 மில்லி ஆம்புக்குள்ளதான் நிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆறு ரெசிஸ்டர் எடுத்துட்டுப் போகணும்.