உராய்வு, உராய்வு, உராய்வு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை... எங்க பக்கத்துப் பட்டாசு ஆலை விபத்துச் செய்தி எதை எடுத்தாலும் ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. ஊர், தேதி, இறந்தவங்க எண்ணிக்கைதான் மாறும். விருதுநகர் மாவட்டத்துக்காரனான எனக்கு இந்த வரியைப் படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு.

உராய்வு பொய்னு சொல்ல வரலை. ஆனா மருந்தைச் சலிக்கிறதும் குழாய்ல அடைக்கிறதும் தினமும் நடக்குற வேலை. வெடிச்ச அறையிலும் உராய்வு இருந்துச்சு, வெடிக்காத அறையிலும் இருந்துச்சு. ரெண்டையும் பிரிச்சுக் காட்டாத ஒண்ணைக் காரணம்னு எழுதி என்ன பிரயோஜனம்?

சார்லஸ் ரேகின்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். 1987-ல் 'தி கம்பேரட்டிவ் மெத்தட்'னு புத்தகம் எழுதினார். ஒரு காரணத்தைத் தனியாப் பிரிச்சு அதோட பங்கு எவ்வளவுன்னு அளக்காம, எதெது ஒண்ணு கூடினா இந்த முடிவு வருதுன்னு கேட்கிறார். ஒவ்வொரு சம்பவமும் ஒரு வரி, ஒவ்வொரு காரணமும் ஒரு தலைப்பு, கட்டத்துக்குள்ள 1 அல்லது 0. ஆமாங்க, நம்ம ட்ரூத் டேபிளேதான் :-) அதைச் சுருக்க அவர் எடுத்துக்கிட்டது க்வைன்-மெக்ளஸ்கி முறை. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல அரியர் பயத்தோட போட்டோமே, அதே கணக்கு! பிறகு பீர் ஃபிஸ் மாதிரி ஆட்கள் மேனேஜ்மென்ட் ஆராய்ச்சிக்கும் இதைக் கொண்டு போனாங்க. ஒரே முடிவுக்குப் பல பாதைகள் இருக்கலாம்ங்கிறதுதான் இதோட உயிர்.

இதை எங்க ஊருக்குப் போட்டுப் பாருங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஓம் சக்தி ஆலை. 40 பேர் பக்கம் இறந்தாங்க. விதிமீறல்னு உரிமத்தை நிறுத்தி வெச்ச பிறகும் வேலை நடந்துச்சு. தீபாவளி நெருங்குற நேரம், அளவுக்கு மீறின ஆளும் சரக்கும். செத்ததுல பல பேர் சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனம். அடுத்தது 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல போயிட்டாங்க. தீபாவளிக்கு இன்னும் எட்டு மாசத்துக்கு மேல இருந்துச்சு. இங்க உரிமம் ஒருத்தர் பேர்ல, உள்ளே வேலை நடத்தினது குத்தகைக்கு எடுத்த வேற சிலர். தீபாவளி சீசன்ல மட்டும் ரெய்டு போனா ரெண்டாவது பாதை அடைபடுமா?

"தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தா போதும்"னு ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் சொல்றாங்க. முதலாளியே பொறுப்பா நடத்துற ஆலையில அது உதவும். ஆனா பீஸ் ரேட்டு கூலி, உள்குத்தகைக்காரர், உடனே சரக்கு வேணும்கிற புரோக்கர், இந்த மூணும் சேர்ந்த இடத்துல? கொஞ்சம் கொஞ்சமா கலக்கணும்னு நல்லாத் தெரிஞ்ச அதே கை நிறைய கலந்து வைக்கும். மிச்சம் ராத்திரி தங்கும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் பட்டா தானாவே சூடேறும். உராய்வுக்குக்கூட அவசியம் இல்லை.

விசாரணையில இன்னொரு ஓட்டையும் இருக்கு. வெடிச்ச ஆலையை மட்டுமே குடைவாங்க. ஒரு அறைக்கு நாலு பேர்ங்கிற விதியை மீறியும் வெடிக்காம ஓடுற ஆலைகளோட வரி இல்லாம அட்டவணை எப்படி நிரம்பும்? நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ்னு ஃபைல் மூணு இடத்துல கிடக்கு. முதல்ல அதையெல்லாம் ஒண்ணாச் சேர்க்கணும்.

இந்த முறையும் மந்திரக்கோல் கிடையாது. தலைப்புகளை யார் தேர்ந்தெடுக்கிறாங்களோ அவங்களுக்குத் தோதான பதில்தான் வரும். அதிகாரிகளே உட்கார்ந்து போட்டா, 'கடைசி ஆய்வுல கண்டுபிடிச்சதை யார் கண்டுக்காம விட்டது'ங்கிற தலைப்பு நிச்சயமா இருக்காது. உராய்வு இருக்கும். ஏன்னா அது கை நீட்டுறது மருந்து கலந்தவங்க மேல. அவங்க திரும்ப வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்லை.