ஜாத்திரை முடிந்த மறுநாள்

மே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரை சமயம் திருப்பதிப் பழைய ஊர்ப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வாசல் திண்ணையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருப்பான். அம்மா அவன் முகத்துக்கு மஞ்சள் பூசுவாள். அக்கா தன் கல்யாணப் பட்டை எடுத்து வந்து கொசுவம் வைத்துச் செருகிவிடுவாள். சவுரி, மல்லிகைச் சரம், கை நிறையக் கண்ணாடி வளையல். மீசையை எடுத்தவனும் உண்டு, மீசையோடே சேலை கட்டியவனும் உண்டு. பிறகு தெருவில் இறங்கித் தாத்தய்யகுண்டா கோயிலுக்கு நடப்பான். யாரும் கேலி செய்வதில்லை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஊர்ப் பெண்களைச் சீரழித்த பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா நாளுக்கொரு வேடம் போட்டாள். பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி என்று அந்த வேடங்களைக் கைகாலக் குடும்பத்தார் இன்றும் கட்டுகிறார்கள். பக்தர்களான ஆண்கள் பெண் வேடமிட்டு நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள். கங்கம்மாவை ஏழுமலையானின் தங்கையாகக் கொண்டு திருமலையிலிருந்து சீர்வரிசை வருகிறது. மலைமேலோ, பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் காலையில் பெருமாளே மோகினி அலங்காரத்தில் பல்லக்கேறி மாடவீதி வலம் வருகிறார். 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தபோது, ஜாத்திரைக் காட்சியில் சேலை கட்டி ஆடிய நாயகனுக்குத் தியேட்டர் அதிர விசிலடித்தவர்களில் நம் வீட்டுப் பையன்களும் உண்டு.

ஜாத்திரை முடிகிறது. சேலை பீரோவுக்குத் திரும்புகிறது. மறுநாள் காலை அதே தெருவில், அதே மல்லிகையும் வளையலுமாக ஒரு திருநங்கை நடந்து வந்தால்? டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். யாராவது ஒருவர் தெலுங்கிலோ தமிழிலோ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். வாடகைக்கு வீடு கேட்டால், காலையில் தொங்கிய 'டு லெட்' பலகை மாலையில் காணாமல் போயிருக்கும்.

வேண்டுதலுக்காகச் சேலை கட்டுகிறவரும் திருநங்கையும் ஒன்றல்ல. ஒருவருக்கு அது ஒரு நாள் கடன், மற்றவருக்கு அதுவே வாழ்க்கை. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. ஆனால் உடையையும் உருவத்தையும் பார்த்துப் பதறாமல் மரியாதையோடு வழிவிட இந்த ஊருக்குத் தெரியும் என்பதற்கு ஜாத்திரையே சாட்சி. தெரிந்த அந்தப் பழக்கத்தை இன்னும் சில நாட்களுக்கு நீட்டிக்க முடியுமா என்பதே இங்கே நம் கேள்வி.

மே மாதம் கங்கம்மாவுக்கு என்றால், ஜூன் மாதம் வானவில்லுக்கு. 1969 ஜூன் 28ஆம் தேதி விடியுமுன் நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் சோதனையை எதிர்த்துக் கிளம்பிய கலகத்தின் நினைவாக, உலகெங்கும் பால்புதுமையர் கூடும் மாதம் அது. திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் எல்லோருக்கும் பொதுவான சொல்லாகத்தான் பால்புதுமையர் என்கிறோம். சென்னையில் முதல் வானவில் பேரணி 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் நடந்தது. நான்கே நாளில், ஜூலை 2 அன்று, டில்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமாகாது என்று முடித்து வைத்தது. இதற்கிடையில் மதுரை 2012இலும் ஹைதராபாத் 2013இலும் தத்தம் கூட்டங்களைத் தொடங்கிவிட்டன.

சித்தூர், புத்தூர், நகரிப் பிள்ளைகளுக்கோ ஜூன் என்றால் பயணம். புத்தூரிலோ ஏகாம்பரகுப்பத்திலோ சென்னை ரயில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் தன்னைப் போன்ற ஆயிரம் பேருக்கு நடுவில் நிற்கலாம். திரும்பும் வழியில் திருத்தணி தாண்டியதும் வானவில் துணி பையின் அடிக்குப் போய்விடும். வீட்டில் 'ஃபிரெண்டு கல்யாணம்' என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு வேறு வழியில்லை. டிக்கெட்டுக்குக் காசில்லாதவர், வீட்டைவிட்டு நகர முடியாத பெண், தறியில் உட்கார்ந்த கூலிக்காரர், இவர்களுக்கு அந்த ஒரு நாளும் கிடையாது.

இவர்கள் எண்ணிக்கையில் சொற்பம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்ற கட்டத்தில் நாடு முழுவதும் பதிவானவர்கள் ஏறத்தாழ 4.88 லட்சம். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவில் மட்டும் 43,769. தமிழ்நாட்டில் 22,364. இத்தனைக்கும் இது திருநர் கணக்கு மட்டும். தன்பாலீர்ப்பாளரை எண்ணுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

சட்டமும் அரசும் ஊரைவிட முன்னால் போய்விட்டன. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. திருநருக்குப் பொது இடத்தை மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. ஆந்திர அரசு திருநருக்கு வழங்கும் மாத ஓய்வூதியம் 2024 ஜூலையில் 4000 ரூபாய் ஆனது. 2025 ஜூனில் ஆந்திர உயர் நீதிமன்றம், திருநங்கையும் பெண்ணே, பிள்ளை பெறுவதைக் கொண்டு பெண்மையை அளக்கக் கூடாது, கணவர் வீட்டுக் கொடுமைக்கு எதிராகப் புகார் தர அவருக்கும் உரிமை உண்டு என்றது. ஓய்வூதியம் கைக்கு வந்துவிடும், தீர்ப்பு காகிதத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேர் கூடி உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை மட்டும் கிடைக்காது என்றால், மீதிக் குறை அரசாங்கத்தினுடையது அல்ல, நம்முடையது.

ஜூனில் இங்கேயே ஒரு கூட்டம் நடத்த இடம் மறுப்பவர்களின் கேள்விகளையும் கேட்டுவிடுவோம். அவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள்.

முதல் கேள்வி: இது திருத்தலம், இங்கே இதெல்லாம் எதற்கு? மலைமேல் யாரும் கொடி பிடிக்கக் கேட்கவில்லை. திருமலையின் ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றே, அது அப்படியே இருக்கட்டும். கீழே இருப்பது நகரம். இங்கே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன, அரசியல் கட்சிகள் நாள்தோறும் மேடை போடுகின்றன. அத்தனை பேருக்கும் இடமிருக்கிற ஊரில் இவர்களுக்கு மட்டும் இல்லை என்றால், காரணம் தலத்தின் புனிதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாம் கேள்வி: இது வெளிநாட்டுச் சரக்கு இல்லையா? ஜூன் மாதம் என்ற தேதி வெளியிலிருந்து வந்ததுதான். ஆட்கள் இங்கேயே பிறந்தவர்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் எந்த வினைமுடிவு கொள்ளும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதி வகுத்திருக்கிறது. அந்த விதி அவர்களை வைத்திருப்பது உயர்திணையில். இலக்கணத்தில் உயர்திணையாக இருந்தவரைத் தெருவில் 'அது' என்று அஃறிணையில் சுட்டப் பழகியது நாம்தான். வெளிநாட்டுச் சரக்கைத் தேடினால் 377ஆவது பிரிவைச் சொல்லலாம். அது 1860இல் ஆங்கிலேயர் எழுதியது.

மூன்றாம் கேள்வி: பிள்ளைகள் கெட்டுப் போவார்களே? தன்பாலீர்ப்பு மனநோய் அல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் சொல்லிவிட்டது. அதை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. பார்த்தால் ஒட்டிக்கொள்வதாக இருந்தால், தலைமுறை தலைமுறையாக ஜாத்திரை பார்த்து வளர்ந்த இந்த ஊர் என்னவாகியிருக்க வேண்டும்? பிள்ளைகளைக் கெடுப்பது தனிமை. தன்னைப் போல் உலகில் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே மருகும் பதினெட்டு வயதுக்கு ஒரு சபை தேவைப்படுகிறது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்தத் தேர் சிறியது. ஆளுக்கொரு பிடி பிடித்தால் போதும்.

மண்டபக்காரர்களிடம் கேட்பது இதுதான்: காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் என்ன வாடகையோ, அதே வாடகை. விழுப்புரத்தைப் பாருங்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு வரும் ஆயிரக்கணக்கான திருநங்கையரால் அந்த ஊர் விடுதிகள் நிரம்புகின்றன. அழகிப் போட்டி நடக்கிறது, அதிகாரிகளும் பிரமுகர்களும் மேடையேறுகிறார்கள். குறைகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் அந்தச் சில நாட்களுக்குத் தன்னிடம் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிகிறது.

காவல் துறையிடம் கேட்பது, கூட்டத்துக்கு அனுமதி கேட்டு வருகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம் என்பது. 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவுகளைத் தொடர்ந்து, பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதியையே தமிழ்நாடு 2022இல் திருத்தியது. அந்த வழக்கில் இன்னொன்றும் நடந்தது. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்ட நீதிபதி, ஓர் உளவியல் வல்லுநரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். நகரியிலிருந்து எட்டிப் பார்த்தால் திருத்தணி. அங்கே உள்ள விதி எல்லைக்கு இப்பால் செல்லாது. ஆனால் அந்த மனப்பாங்குக்கு எல்லைக்கோடு கிடையாது.

யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள் முகத்தைக் காட்டுமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இந்தியாவின் தொடக்ககாலப் பேரணிகளில் முகமூடி அணிந்து நடந்தவர்கள் இருந்தார்கள். ஒரு படம் வெளியானால் வேலையும் வீடும் போகக்கூடிய ஊரில், கேட்காமல் எடுத்த படம் செய்தியாகாது. அது காட்டிக்கொடுப்பு.

பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நாம் சொல்வதைவிட மற்றப் பெற்றவர்கள் சொல்வது நல்லது. 'ஸ்வீகார்' என்ற அமைப்பைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட பெற்றோர், தம் பிள்ளைகளின் திருமண உரிமைக்காக 2023 ஏப்ரலில் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வழக்கு அக்டோபரில் தோற்றது. ஆனால் நானூறு வீடுகள் பிள்ளையின் பக்கம் வந்து நின்றது நின்றதுதான். உங்கள் பிள்ளை ஒருநாள் மென்று விழுங்கி எதையோ சொல்ல வந்தால், முழுவதும் சொல்ல விடுங்கள். உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்றில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாலும் போதும்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு, அதை அவர்களே முதலில் ஒப்புக்கொள்வார்கள். நேரத்தோடு தொடங்கி நேரத்தோடு முடிப்பது, குடியைத் தள்ளி வைப்பது, இடத்தைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போவது. அழைப்பிதழைத் தமிழிலும் தெலுங்கிலும் அடிப்பது. சென்னை ஆங்கிலம் இங்கே பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும். திருநங்கையர் மட்டுமே கண்ணில் படும் சபையில் திருநம்பியும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும் எங்கே என்று தேடுவது. தெருவில் அயலார் ஒருவர் வந்து கேள்வி கேட்டால் உட்காரவைத்துப் பதில் சொல்வது.

இந்த மாவட்டம் சேர்ந்து வாழத் தெரிந்தது. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் ஆனது. 1953இல் ஆந்திராவோடு போனது. 1960இல் திருத்தணியைத் தமிழ்நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. 2022இல் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியது. இத்தனை கோடுகள் போட்ட பிறகும் ஒரே வீட்டில் அம்மா தமிழிலும் மருமகள் தெலுங்கிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டால் இரண்டும்தான் என்று பதில் சொல்லிப் பழகிய மக்களுக்கு, ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அதே பதில் வரும்போது அதிர்ச்சி வர வேண்டியதில்லை.

இந்தியாவின் முதல் வானவில் நடை 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நடந்தது. அன்றைக்கு நடந்தவர்கள் 15 பேர். வருகிற ஜூனில் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு மண்டபத்துப் பின்னறையில் பதினைந்து நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்து, கதவைத் திறந்து வைப்போம். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.