3.5 சதவீதம் கூரையா, தரையா?

"இட ஒதுக்கீடுதான் கிடைத்துவிட்டதே, இனி என்ன கவலை?" என்று கேட்கும் சமுதாயச் சொந்தங்களே! உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகள் வீதியில் நின்று கேட்ட உரிமை அது. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதம் 2007இல் முஸ்லிம்களுக்குத் தனியாகப் பிரித்துத் தரப்பட்டது. ஆனால் நாம் செய்வதென்ன? "பாஸானால் போதும், கடையில் உட்காரட்டும்" என்கிறோம். அதையே கேட்டு வளரும் பிள்ளை, பாஸோடு நின்றுவிடுகிறான்.

வியாபாரிகளே, கணக்குப் பாருங்கள்! பொறியியல் கட்-ஆஃப் 200. இதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 10 மதிப்பெண் ஏறினால் கட்-ஆஃப் 10 ஏறும். இயற்பியலில் அதே 10 ஏறினால் 5தான் ஏறும். இருவர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை பார்க்கிறார்கள். அரை மதிப்பெண்ணில் கிண்டி கைநழுவும் கதை இதுதான்.

இன்னொன்றையும் அறிவீர்களா? பொதுப்பிரிவு 31 சதவீதம் எல்லாச் சமூகத்தாருக்கும் உரியது. அதிக மதிப்பெண் எடுக்கும் நம் பிள்ளை அங்கேயே இடம்பிடித்தால், அவனது இடம் 3.5 சதவீதத்தில் கணக்காகாது. அந்த இடம் இன்னொரு சகோதரனுக்கோ சகோதரிக்கோ போகும். ஆக, ஒருவன் உயர்த்தும் மதிப்பெண்ணால் இருவர் கல்லூரிக்குப் போகலாம். 3.5 சதவீதம் நாம் ஏறி நிற்கும் தரை. அதைக் கூரையாக்கி அதன் கீழே குனிந்து நிற்பது நாம்தான்!

முள்ளிப்பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், அப்போதே பிணைத்துவிட்டுத்தான் நெசவாளி மேலே நெய்கிறார். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 40 வாங்கிய பிள்ளையின் மார்க் ஷீட்டிலோ, வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். தேறியவரும் மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்ட 'இம்ப்ரூவ்மென்ட்' காலம் போய்விட்டது. பொதுத்தேர்வு முடிந்தபின் மிஞ்சுவது மறுகூட்டலும் மறுமதிப்பீடும் மட்டுமே. அதற்கும் சில நாட்களே அவகாசம். திருத்த வேண்டியதைக் காலாண்டுக்கும் முழுஆண்டுக்கும் நடுவில்தான் திருத்த வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மஃரிபுக்குப் பின் மதரஸா கூடத்தில் கணிதத்துக்கு ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். கடைக்காரர்களே! பிளஸ் டூ படிக்கும் மகனை மாலையில் கல்லாவிலிருந்து எழுப்பிவிடுங்கள். மகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள். இளைஞர்களே! வீட்டுக்கு வீடு சென்று காலாண்டு மதிப்பெண்ணைக் கேளுங்கள்.

வீதியில் நின்று வாங்கியதை வீட்டில் உட்கார்ந்து இழக்கப் போகிறோமா? சிந்திப்பீர்!