வீண்விரயம் தட்டிலா, பானையிலா?

உணவை வீணாக்குவது பாவம் என்பது நம் வீடுகளில் குழந்தைப் பருவத்திலேயே ஊட்டப்படும் பாடமாகும். தட்டில் நான்கு பருக்கை மிஞ்சினாலும் ‘இஸ்ராஃப்’ என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். மிக நல்ல பழக்கம். ஆனால், இதே பாடம் நம் இல்லங்களில் வேறொரு வடிவம் எடுத்து, உடலுக்குக் கேடாக முடிவதை நாம் கவனிப்பதில்லை.

நான்கு பேருக்கு ஆறு பேரின் அளவில் சமைக்கிறோம். எல்லோரும் உண்டு எழுந்த பின், மிஞ்சிய நெய்ச்சோற்றையும் பிள்ளைகள் பாதியில் விட்ட பரோட்டாவையும், “வீணாகப் போகக் கூடாதே” என்று வீட்டுத் தாய் உண்டு முடிக்கிறார். பசி அடங்கிய பின்னும் உண்ட அந்த உணவு உண்மையில் வீணாகாமல் தப்பியதா? குப்பையில் விழ வேண்டியது வயிற்றில் விழுந்தது, அவ்வளவே.

இஸ்ராஃப் என்பதன் பொருள் எறிவது மட்டுமன்று; அளவு மீறுவதும் இஸ்ராஃபே. திருக்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயம் 31ஆம் வசனம், உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே இடத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. தட்டில் எடுத்ததை மிச்சமின்றி உண்ண வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது உண்மை. ஆனால், அந்தச் சுன்னத் தேவையான அளவு எடுத்தவருக்கு உரியது. தேவைக்கு மேல் சமைத்துவிட்டு, அதைத் தீர்க்கும் பொறுப்பை ஒருவரது வயிற்றின் மீது சுமத்துவதற்கு அதை ஆதாரமாக்கக் கூடாது. வீண்விரயம் தட்டில் தொடங்குவதில்லை. பானையில் அரிசி அளக்கும்போதே தொடங்கிவிடுகிறது. உடல் எடை குறைய வேண்டும் என்று கவலைப்படும் நம் குடும்பங்கள் முதலில் மாற்ற வேண்டிய இடமும் அதுவே என்பது நமது கருத்து.

எண்கள் சொல்லும் செய்தி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. நம் உடல்வாகுக்கு ஆபத்து சீக்கிரமே தொடங்குகிறது. எடையைக் கிலோவிலும், உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 23ஐத் தொட்டாலே இந்தியர்களுக்கு அது மிகை எடை. 25ஐத் தொட்டால் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. ஒரு தையல் நாடா போதும், இதை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்த பின்னும் நாம் செய்வது என்ன? மகளின் திருமணத்திற்கு இரண்டு மாதம் இருக்கும்போது பட்டினி கிடக்கிறோம். யாரோ விற்கும் பொடியைக் கரைத்துக் குடிக்கிறோம். ஒரே மாதத்தில் ஆறு கிலோ குறைந்ததென்று மகிழ்கிறோம். வலீமா முடிந்து மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ ஏறிவிடுகிறது. உடல் நம்மை ஏமாற்றவில்லை. தொடர முடியாத ஒன்றைத் தொடங்கினோம், அது தொடரவில்லை.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தஹஜ்ஜுத் தொழுகைக்கு நாம் எடுத்துக்காட்டும் இந்த அளவுகோலை உணவுத் தட்டுக்கும் ஏன் வைக்கக் கூடாது? வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வரத் தொடங்கும்.

சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006இல் வெளியான ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுள் உணவையும் நடைப்பழக்கத்தையும் திருத்திக்கொண்டோருக்கு, நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை! எடைக் கருவியின் முள் நகரவில்லை என்று மனம் சோர்ந்து பழக்கத்தைக் கைவிடுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். பலன் முள்ளில் தெரியுமுன்பே உடலுக்குள் தொடங்கிவிடுகிறது.

அடுப்படியில் நான்கு மாற்றங்கள்

முதலாவது, அளவு. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்பது நபிமொழி. இதன்படி அரிசியை அளந்து போடுவோம். சமைத்தது மிஞ்சினால் உடனே குளிர்பதனப் பெட்டியில் வைப்போம். அல்லது அண்டை வீட்டாருக்குக் கொடுப்போம். அது ஸதகாவாகவும் அமையும்.

இரண்டாவது, எண்ணெய். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல் ஆகிறது. அதை 3 லிட்டராக்கினால் 25 மில்லி. மிச்சமாகும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. மாதத்தின் முதல் நாளில் அளந்து வாங்கி, அதற்குள் சமைப்பதே எளிய வழி.

மூன்றாவது, சர்க்கரை. இரண்டு கரண்டிச் சர்க்கரையுடன் நாளுக்கு மூன்று தேநீர் குடிப்பவர், தேநீரிலேயே 30 கிராம் சர்க்கரை உண்கிறார். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

நான்காவது, தட்டின் அமைப்பு. பாதித் தட்டு காய்கறி, கீரை. கால் தட்டு மீன், முட்டை, பருப்பு அல்லது இறைச்சி. எஞ்சிய கால் தட்டு சோறு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாற்கோதுமை மாவைச் சலிக்காமல், உமியை ஊதிவிட்டே ரொட்டி செய்தார்கள் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். தீட்டாத தானியத்தை ஏழைகளின் உணவென்று தள்ளிவைத்தது நாம்தாம்.

இவற்றோடு ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வது, ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடப்பது என்பவை சேரட்டும். பெண்களுக்கும் இந்த நேரத்தை வீட்டார் ஒதுக்கித் தர வேண்டும். மொட்டை மாடியில் நடந்தாலும் நடைதான்.

விருந்தும் நோன்பும்

“விருந்தில் உண்ணாவிட்டால் மனம் புண்படுமே” என்று சிலர் கேட்கலாம். விருந்து கொடுப்பதும், அழைப்பை ஏற்பதும் நம் மார்க்கத்தின் சிறப்புகள். அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால், விருந்துக்கு அழைக்கப்பட்டவர் செல்ல வேண்டும், விரும்பினால் உண்ணலாம், விரும்பினால் விட்டுவிடலாம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. கடமை செல்வதில் இருக்கிறது. மூன்றாம் முறையும் பிரியாணியை வாங்கிக்கொள்வதில் இல்லை. விருந்தளிப்போரும் “இன்னும் கொஞ்சம்” என்று ஒருவரது தட்டில் வலிந்து போடுவதை உபசரிப்பாகக் கருதக் கூடாது. நீரிழிவு உள்ள மாமாவுக்கு இரண்டாம் கிண்ணம் பாயசம் தருவது அன்பாகுமா?

ரமலானில் எடை கூடுகிறது என்றால், நோன்பின் மீது குறையில்லை. குறை இஃப்தார் விரிப்பில் இருக்கிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு திறந்து, ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி குடித்தால் உடல் நிறைவடைகிறது. வடை, சமோசா, பஜ்ஜி மூன்றும் தினமும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் என்று வீட்டில் முடிவெடுக்கலாம். மற்ற மாதங்களில் திங்கள், வியாழன் நோன்புகள் நமக்குள்ள சுன்னத். ஆயினும் நிய்யத் அல்லாஹ்வுக்காக இருக்கட்டும். உடல்நலன் அதன் உபரிப் பயன். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்வே.

ஒருவரின் சுமையன்று

இறுதியாக ஒன்று. பருத்த உடலைக் கேலி செய்வது நம் குடும்ப விழாக்களில் சாதாரணமாகிவிட்டது. ஒருவரையொருவர் பரிகசிப்பதை ஹுஜுராத் அத்தியாயம் தெளிவாகத் தடுக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் கனத்த மருமகளை மாமியார் குத்திக்காட்டுவார். ஆனால், அடுப்படியில் எண்ணெயைக் குறைக்க விடமாட்டார். கணவர் “எடையைக் குறை” என்பார். இரவு பத்து மணிக்குப் பரோட்டாப் பொட்டலத்துடன் வருவார். வீட்டில் எல்லோரும் ஒன்றை உண்ண, ஒருவர் மட்டும் தனியே வேறொன்றை உண்டு வெல்வது அரிது. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மரபுடைய நமக்கு இது புரியாததன்று. சஹனில் இருப்பது மாறினால், சுற்றி இருப்போர் அனைவரும் மாறுவர்.

வயிற்றில் மூன்றில் ஒரு பாகம் உணவுக்கு, ஒரு பாகம் நீருக்கு, ஒரு பாகம் மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்த அளவு திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பயான்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இனி அரிசி அளக்கும் படியைக் கையில் எடுக்கும்போதும் இதை நினைவில் கொள்வோம். உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

அளவறிந்து உண்டு, உடல்நலத்தோடு அவனை வணங்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் குடும்பத்தாரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.