சுவருக்கு அடி தெரியாது

கனடாவில் மேற்கு வான்கூவரின் வைட்கிளிஃப் பூங்கா. கரையிலிருந்து நீந்திப் போனாலே குளிர்கடலுக்குள் செங்குத்தான பாறைச் சுவர். தரை கண்ணுக்குத் தெரியாது. கவனம் பிசகினால் இறங்கிக்கொண்டே இருப்போம்.

நான் படிப்பது பி.காம். எனக்கு இது பட்ஜெட் கணக்காகத்தான் தெரிகிறது. 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 4 மடங்கு. சிலிண்டர் காற்றும் 4 மடங்கு வேகமாகத் தீரும். குளிரில் ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டலாம். போதாததற்கு நைட்ரஜன் மயக்கம்!

அதனால், "கீழே போய்ப் பார்த்துக்கலாம்" என்பவரோடு இறங்காதீர்கள். எந்த ஆழத்தில் நிற்பது, எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்போது திரும்புவது என்று கரையிலேயே முடிவு செய்யுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு. மூன்றாவது பங்கு உங்களுடையதே அல்ல. கூட வருபவரின் காற்று நின்றால் அவருக்கு. மயங்கிய மூளை அதில் கைவைக்கக்கூடாது. சரிதானே நண்பர்களே?