செல்போனில் திரும்பும் கேமரா: விரல் யாருடையது?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தைத் தாண்டினால் வேலப்பன்சாவடி. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குத் திரும்பும் சாலை, பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, அவற்றை நம்பிப் பிழைக்கும் ஜெராக்ஸ் கடைகள், மெஸ்கள், தனியார் விடுதிகள் என்று எப்போதும் பரபரப்பாக இருக்கும் இடம். கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். கேமரா! கடை வாசலில் ஒன்று, கல்லாவுக்கு மேல் ஒன்று, விடுதி மாடிப்படியில் ஒன்று.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு கேமரா என்றால் மேசை மீது ஒரு டிவி, அதன் எதிரே ஒரு ஆள். இப்போது அந்த டிவியும் இல்லை, ஆளும் இல்லை. கடைக்காரர் மாமனார் ஊர்த் திருவிழாவில் நின்றுகொண்டே கல்லாவைப் பார்க்கிறார். விரலால் திரையை இடப்பக்கம் தள்ளினால், இங்கே கேமராவின் தலை இடப்பக்கம் திரும்புகிறது. "டேய் தம்பி, அந்த மூட்டையை உள்ளே எடுத்து வை" என்று கேமரா வழியாகவே குரல் கொடுக்கிறார். சில ஆயிரம் ரூபாயில் இதெல்லாம் நடக்கிறது என்பது நிஜமாகவே பெரிய விஷயம்தான்.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேமரா எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதைத் திருப்பும் விரல் யாருடையது என்று யாருக்காவது தெரிகிறதா?

எப்படி வேலை செய்கிறது?

பலர் நினைப்பதுபோல செல்போன் நேராகக் கேமராவோடு பேசுவதில்லை. கேமரா வீட்டு வைஃபை வழியாக அதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு இணைந்து காத்திருக்கிறது. செல்போனில் இருக்கும் செயலியும் அதே சர்வரோடு இணைகிறது. இரண்டையும் சர்வர் அறிமுகம் செய்துவைக்கிறது. "வலப்பக்கம் திரும்பு" என்ற கட்டளை போகிறது, கேமராவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் சுழல்கிறது. வேலப்பன்சாவடிக் கடைக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் நடுவில் முகம் தெரியாத ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த சர்வர் வேறு நாட்டில் இருப்பதும் உண்டு.

இதில் பூட்டு என்று ஒன்று உண்டென்றால் அது பெரும்பாலும் பாஸ்வேர்டுதான். அதை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் முதலாளிகள்தான். கேமராவுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

நல்லது இல்லையா?

நிச்சயம் உண்டு. 2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்த தனியார் கேமராக்களின் பதிவுகளைத்தான் போலீசார் தேடிப் போனார்கள். அந்த அதிர்ச்சி சென்னையை மாற்றியது. ஏ.கே. விசுவநாதன் மாநகரக் காவல் ஆணையராக இருந்த காலத்தில், 'மூன்றாவது கண்' என்ற பெயரில் வணிகர்களையும் குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாகக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. சங்கிலிப் பறிப்பு, வாகனத் திருட்டு என்று பல வழக்குகளில் அவை உதவியிருக்கின்றன.

வீட்டுக்குள்ளும் நன்மை இருக்கிறது. துபாயில் வேலை செய்யும் மகன், தனியாக இருக்கும் அம்மா கீழே விழுந்துவிடவில்லையே என்று பார்த்துக்கொள்கிறான். வேலைக்குப் போன தாய், குழந்தை தூங்குகிறதா என்று மதிய இடைவேளையில் பார்க்கிறாள். பறவைக் கூட்டைப் படம் எடுப்பவர் கேமராவை மரத்தருகே வைத்துவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்து செல்போனிலேயே 'க்ளிக்' செய்கிறார். பறவைக்குத் தொந்தரவே இல்லை. இதையெல்லாம் குறை சொல்பவர் யாரும் இருக்க முடியாது.

ஒரு காபி பாத்திரத்தின் கதை

இணையம் வழியாகக் கேமராவில் பார்க்கும் பழக்கம் ஒரு காபி பாத்திரத்தில் தொடங்கியது என்றால் சிரிப்பு வரும். 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், மாடி இறங்கிப் போய்ப் பார்த்தால் காபி தீர்ந்திருக்கிறதே என்று சலித்துப்போன ஆராய்ச்சியாளர்கள், பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்துத் தங்கள் கணினித் திரையில் படம் வரும்படி செய்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்டில் நிறுத்தப்படும்வரை உலகமே அந்தப் பாத்திரத்தைப் பார்த்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அங்கே பார்க்கப்பட்டது ஒரு பாத்திரம். பாத்திரத்துக்கு வெட்கம் கிடையாது. இன்று பார்க்கப்படுவது மனிதர்கள்.

முதல் ஆபத்து: முகம் தெரியாதவர்

2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றாமல் விட்ட கேமராக்களைத் தேடிப் பிடித்தது. அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகள் கொண்ட ஒரு பட்டியலே அதற்குப் போதுமானதாக இருந்தது. அப்படிக் கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. அந்த நிரலை எழுதியவர்கள் இருபதை ஒட்டிய வயதுள்ள அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே கசிந்தன. மருத்துவரிடம் நம்பி வந்த பெண்களின் சிகிச்சைக் காட்சிகளை இணையத்தில் போட்டு, டெலிகிராமில் விலை பேசி விற்றார்கள். கேமராவை வைத்தவர்கள் பாதுகாப்புக்கு என்றுதான் வைத்திருப்பார்கள். அந்தப் பெண்களுக்கு அது என்ன பாதுகாப்பைக் கொடுத்தது?

இந்த அவலம் நடக்க பெரிய ஹேக்கர் தேவையில்லை. ஊரில் கேமரா பொருத்தும் முறையை யோசித்துப் பாருங்கள். ரிச்சி தெருவில் வாங்கி வந்த கேமராவை மாட்ட ஒரு தம்பி வருகிறார். தன் போனிலேயே செயலியைத் திறந்து, தன் மின்னஞ்சலிலேயே கணக்கு தொடங்கி, சோதித்துப் பார்த்துவிட்டு, உரிமையாளர் போனிலும் போட்டுக் கொடுக்கிறார். பாஸ்வேர்டு பெரும்பாலும் கடையின் போன் நம்பர், அல்லது 'அட்மின்' என்ற சொல்லோடு 123. வேலை முடிந்து தம்பி போய்விடுவார். அவர் போனில் இருந்து கேமரா போய்விட்டதா? யாரும் கேட்பதில்லை. அந்தத் தம்பி யோக்கியராகவே இருக்கலாம். அவர் போன் தொலைந்துபோனால்?

இரண்டாவது ஆபத்து: முகம் தெரிந்தவர்

முதல் ஆபத்துக்கு மருந்து உண்டு. பாஸ்வேர்டை மாற்றினால் பாதி தீர்ந்தது. இரண்டாவது அப்படி இல்லை. இங்கே பூட்டு பத்திரமாக இருக்கிறது, சாவி வைத்திருப்பவர்தான் சிக்கல்.

2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் குளியலறை, படுக்கையறை என்று பல இடங்களில் ஒளித்து வைத்த கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கைதானவர் விடுதியை நடத்தியவரே. கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்கள். சந்தேகம் வந்ததும் ஒளிகேமராவைக் கண்டறியும் செயலியைத் தங்கள் செல்போனில் இறக்கித் தேடினார்கள். அவர்கள் தைரியத்துக்கு ஒரு சல்யூட்! ஆனால் வாடகை கொடுத்துத் தங்கும் ஒரு பெண், குடிபுகுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சுவரைச் சோதிப்பதா?

அது அப்பட்டமான குற்றம், போலீஸ் வந்தது. குற்றம் என்று சொல்ல முடியாத சங்கதிகள்தான் அதிகம். விடுதி நடையில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு திரும்பும் கேமரா இருக்கிறது. விடுதி நடத்துபவர் ராத்திரி பதினோரு மணிக்குத் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அறைக் கதவு திறந்திருந்தால் உள்ளேயும் தெரியும். நைட்டியோடு தண்ணீர் பிடிக்க வரும் பெண்ணுக்கு, தன்னை யார் பார்க்கிறார், பார்க்கிறாரா இல்லையா என்றே தெரியாது. துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண் கொஞ்சம் உட்கார்ந்தால் கேமராவில் இருந்து முதலாளியின் குரல் வருகிறது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை வந்தாலும், பின்னால் ஒரு கண் இருந்தால் யார் உட்காருவார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். மகன் பாசத்தோடுதான் கேமரா வைத்தான். ஆனால் ஹாலில் சேலையைச் சரிசெய்யக்கூட யோசிக்கிற அம்மா, கடைசியில் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறாள். "நெட் கட் ஆயிடுச்சுப்பா" என்று பொய்யும் சொல்கிறாள். அந்தத் துண்டுக்குள் பெரிய அர்த்தம் இருக்கிறது.

சாவடி என்ற சொல்லே ஒரு பாடம் சொல்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம், ஊர்க்காரர்கள் கூடி உட்காரும் இடம். அங்கே உட்கார்ந்திருப்பவர் தெருவில் போகிறவரைப் பார்ப்பார். போகிறவரும் அவரைப் பார்ப்பார். "என்ன மாமா, அப்படிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டும்விடலாம். பார்ப்பவர் முகமும் தெரிந்ததால் பார்வைக்கு ஒரு கூச்சம் இருந்தது. செல்போன் கேமரா அந்தக் கூச்சத்தைத்தான் எடுத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்கு இடையே வந்த வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று 2025இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சொந்த அண்ணன் தம்பிக்கே சம்மதம் வேண்டும் என்றால், வாடகை கொடுக்கும் மாணவிக்கு வேண்டாமா?

கேமராக்களின் மின்னணுப் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதியும் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் அது முகம் தெரியாத திருடனைத் தடுக்கும் விதி. முகம் தெரிந்த உரிமையாளர் விஷயத்தில் அது வாய் திறக்கவில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. சட்டம் கட்டம் கட்டமாகத்தான் அமலாகிறது. வீட்டு உபயோகத்துக்கு அதில் விலக்கும் உண்டு.

என்ன செய்யலாம்?

கேமராவைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பதல்ல வாதம். செலவில்லாத நாலு காரியங்கள் போதும்.

ஒன்று, திரும்பும் கேமரா வாசலோடும் தெருவோடும் நிற்கட்டும். மனிதர்கள் தூங்கும், உடை மாற்றும், இளைப்பாறும் இடங்களின் பக்கம் அது எட்டிப் பார்க்கவே கூடாது. நடையில் அவசியம் என்றால் திரும்பாத கேமரா போதும்.

இரண்டு, "இந்தக் கேமராவைச் செல்போனில் பார்ப்பவர்கள் இவர்கள், பதிவு இத்தனை நாள் இருக்கும்" என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. அந்த உரிமத்துக்கு இந்தத் தாளையும் ஒரு நிபந்தனையாக அரசு சேர்க்கலாம்.

மூன்று, மாட்ட வந்தவரின் கணக்கை அவர் படியிறங்கும் முன்பே நீக்கிப் புதுப் பாஸ்வேர்டு போட வேண்டும். வேலையை விட்டுப் போகும் ஊழியருக்கும் இதே விதி.

நான்கு, யாராவது நேரலையில் பார்க்கும்போது கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இப்போது சில கேமராக்களில் இருக்கிற விளக்கையும் செயலியிலேயே அணைத்துவிடலாம். அணைக்க முடியாத விளக்கு வேண்டும் என்று அரசு தன் சோதனை விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழகான கேள்வி. அதையே கேமராவை வைத்திருப்பவரிடமும் கேட்கலாம். பாதுகாப்புக்காகத்தான் பார்க்கிறார் என்றால், தன் பெயரை வாசலில் எழுத அவருக்கு என்ன பயம்? விளக்கு எரிந்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

பெற்ற பிள்ளையை நம்பி விடுதியில் விட்டுப் போகும் அப்பா அம்மாக்கள், சாப்பாடு எப்படி, தண்ணீர் வருமா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று விசாரிக்கிறார்கள். "கேமரா இருக்கா?" என்றும் கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் நிம்மதியாக ஊருக்குப் போகிறார்கள். இனி கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் போகட்டும்: "அது யார் போன்ல தெரியும்?"