ரெப்ளிகாவை நிறுத்துறதுன்னா எதை நிறுத்துறது?

மக்களே, இது முழுக்க முழுக்க ஆணி மேட்டர். டேட்டாபேஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க :-)

புனேவுக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சதுல இருந்து நான் பார்க்கிற ரன்புக் எல்லாத்துலயும் முதல் வரி ஒண்ணுதான்: "ஸ்டாப் ரெப்ளிகா". (மைஎஸ்க்யூஎல் 8.0.22 வரும்வரை அது "ஸ்டாப் ஸ்லேவ்". 8.4-ல அந்தப் பழைய கட்டளையையே தூக்கிட்டாங்க.) பேக்கப்பா, பெரிய ரிப்போர்ட்டா, எதுக்கும் இதே வைத்தியம். இது சோம்பேறித்தனம்ங்கறது என் கட்சி.

ரெப்ளிகாவுக்குள்ள வேலை பார்க்கிறது ரெண்டு ஆள். ஒருத்தர் பிரைமரிகிட்ட பின்லாக்கை வாங்கி ரிலே லாக்ல எழுதறவர். அடுத்தவர் அதைப் படிச்சு டேபிள்ல போடறவர். வெறும் "ஸ்டாப் ரெப்ளிகா"ன்னா ரெண்டு பேருக்கும் லீவு. பெரும்பாலும் நமக்கு ரெண்டாமவர் உட்கார்ந்தா போதும். கட்டளைக்குப் பின்னாடி "எஸ்க்யூஎல்_த்ரெட்"னு சேர்த்தா வேலை முடிஞ்சது. முதலாமவர் பாட்டுக்கு வாங்கி அடுக்கிட்டே இருப்பார். அந்த நேரம் பார்த்து பிரைமரி மண்டையைப் போட்டாலும் அதுவரை வந்து சேர்ந்த சரக்கு நம்ம கையில. ரெண்டு பேரையும் அனுப்பியிருந்தா, நிறுத்தினதுக்கு அப்புறம் நடந்த கஸ்டமர் பரிவர்த்தனை எதுவும் இந்தப் பக்கம் இருக்காது. ரிலே லாக்குக்கு டிஸ்க்ல இடம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கணும்.

நிறுத்திட்டு மறந்துபோறது தனிக்கதை. பின்லாக் இயல்பா 30 நாள் இருக்கும். ஆனா டிஸ்க் பத்தலைன்னு யாராவது ஒரு நாளாக் குறைச்சிருப்பாங்க. திங்கட்கிழமை வந்து ஸ்டார்ட் பண்ணினா 1236 எரர் பல்லிளிக்கும். அப்புறம் முதல்லேர்ந்து காப்பி எடுக்கறதுதான்.

போஸ்ட்கிரெஸ்ல வேற வில்லங்கம். ஸ்லாட் வெச்சுட்டு ஸ்டாண்ட்பையை அணைச்சா, அது திரும்பி வரும்னு பிரைமரி வால் ஃபைலை எல்லாம் சேர்த்து வெச்சுட்டே இருக்கும், தன் டிஸ்க் நிரம்பி தானே விழற வரைக்கும். 2020-ல வந்த 13-ஆம் பதிப்புல இதுக்கு வரம்பு வைக்க வழி வந்தது. ஆனா நாமளா வைக்கலைன்னா வரம்பே கிடையாது. ஸ்லாட் இல்லைன்னா நேர் எதிர்: ஸ்டாண்ட்பை வாங்கறதுக்குள்ள ஃபைல் காலி. 2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல ஆரம்பம் இதுதான். பின்தங்கின ஸ்டாண்ட்பையைச் சரிபண்ணப் போய், தவறுதலா பிரைமரியோட டேட்டா டைரக்டரியையே அழிச்சு, சுமார் ஆறு மணி நேர டேட்டா போச்சு.

திரும்ப ஓடவிட்டதும் "செகண்ட்ஸ் பிஹைண்ட்" பூஜ்யம்னு பார்த்துட்டு டீ குடிக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கறவர் மெதுவா வாங்கினாலும் போடறவர் இருக்கறதைப் போட்டு முடிச்சுட்டா அங்க பூஜ்யம்தான் காட்டும். ரெண்டு பக்கமும் ஜிடிஐடியை ஒப்பிட்டுப் பாருங்க. எரர் வந்தா ஒண்ணைத் தாண்டிப் போகச் சொல்ற ஸ்கிப் கவுண்டர் பழக்கத்தையும் விட்டுடுங்க சாமி. தாண்டினது யாரோட பணம்னு யாருக்குத் தெரியும்?